செக்ரட்டரி வீடு

வாம்மா, உள்ள வா. செக்ரட்டரி வீடுன்னு கேட்டுத்தானே வந்தே? அப்படிக் கேட்டாத்தான் காட்டுவாங்க. கதவு நம்பரைச் சொன்னா இந்த ஃப்ளாட்ஸ்ல பாதிப் பேரு முழிப்பாங்க, செக்ரட்டரி வீடுன்னா பேப்பர் போடறவன்கூடக் கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போவான். உக்காரு. நீ, வான்னு பேசறேன்னு தப்பா எடுத்துக்காத, எனக்குப் பொண்ணு பொறந்திருந்தா உன் வயசுதான் இருக்கும். புரோக்கர் எங்க? கீழயே போன் பேசிட்டு நின்னுட்டானா? நிக்கட்டும், அவன் வந்தா பேச விடமாட்டான்.

இதுதான் ஹால். அந்தப் பக்கம் ரெண்டு ரூம். சமையக்கட்டுல நல்ல வெளிச்சம் வரும், மத்தியானம் வரைக்கும் லைட்டே வேண்டாம். வீட்டைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் எதுக்குக் காலி பண்றாங்கன்னு நீ வாயத் தொறந்து கேக்கல, ஆனா கண்ணு கேக்குது. கேக்கணும். வாடகைக்கு வர்றவங்க கேட்டுத்தான் ஆகணும். வீட்டுல குறை இல்லம்மா, சுத்தி இருக்கற மனுஷங்கதான் எங்களை இங்க இருக்க விடல. மானம்னு ஒண்ணு இருக்கில்ல? அதுக்காகத்தான் போறோம். புனேயில பையன் இருக்கான், அவன்கிட்ட.

வீட்டுக்காரரா? கீழ இருக்காரு. இந்நேரம் மோட்டார் ரூம் பக்கம் போவாரு. தயாபரன்னு பேரு. கரண்ட் ஆபீஸ்ல ஃபோர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. நாங்க இங்க குடிவந்த காலத்துல கட்டடம் பூசி முடிக்கல, பில்டர் பாதியில விட்டுட்டு ஓடிட்டான். லிஃப்ட் குழி வெறும் குழியா இருந்துது. அப்ப எல்லாரும் சேந்து ஒரு சங்கம் வச்சாங்க. தலைவர், செயலாளர், பொருளாளர்னு மூணு பேர் வேணும்னு சட்டமாம். தலைவரா முதல் மாடி அருமைநாயகம் சார். ஹெட்மாஸ்டரா இருந்தவரு, கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அதுக்காகவே தலைவர். பொருளாளர் வருஷா வருஷம் மாறுவாங்க. செக்ரட்டரி மட்டும் இவரு. பதினஞ்சு வருஷம்.

என்ன வேலைன்னு கேக்கறியா? என்ன வேலை இல்லன்னு கேளு. மோட்டார் போடறது, நிறுத்தறது. சம்ப்புல தண்ணி இறங்கினா லாரிக்குச் சொல்றது. லிஃப்ட் நின்னா ஆளைக் கூப்பிடறது, அவன் வர்ற வரைக்கும் கதவுகிட்ட நின்னு உள்ள மாட்டினவங்களுக்குத் தைரியம் சொல்றது. சாக்கடை அடைச்சா லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு இவரே மூடியைத் தூக்குவாரு. யார் வண்டி யார் இடத்துல நிக்குதுன்னு சண்டை வந்தா நடுவுல போய் நிப்பாரு. ரெண்டு பக்கமும் திட்டு வாங்கிட்டு வந்து, "கோகிலம், ஒரு காபி குடு"ன்னு உக்காருவாரு. வருஷா வருஷம் மொட்டை மாடியில மீட்டிங் போட்டு, "வேற யாராவது எடுத்துக்கறீங்களா?"ன்னு கேப்பாரு. அத்தனை பேரும் போனைக் குனிஞ்சு பாப்பாங்க. சரி, நானே இருக்கேன்னுடுவாரு. உள்ளுக்குள்ள சந்தோஷம் அவருக்கு, எனக்குத் தெரியாதா?

காபி குடிக்கிறியா? வேண்டாமா? சரி, கேளு.

மூணாவது மாடியில நஸ்ரின்னு ஒரு பொண்ணு. வீட்டுக்காரர் துபாய்ல இருக்காரு, இவ வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறா. நல்ல பொண்ணுன்னுதான் நானும் நெனச்சேன். ரம்ஜானுக்கு எங்களுக்குன்னு தனியா மட்டன் போடாம கஞ்சி காய்ச்சிக் கொண்டு வருவா. "அங்கிள், அங்கிள்"னு இவர் பின்னாடியே சுத்துவா. வாயில வச்சா கரையற மாதிரி பேச்சு. அவதான் ஆரம்பிச்சா.

அதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு சில்லறை விஷயம் நடந்துது, அதையும் சொல்லிடறேன், இல்லன்னா வேற யாராவது உனக்குக் கண்ணு காது மூக்கு வச்சுச் சொல்வாங்க. ஒருநாள் மோட்டாரைப் போட்டுட்டு இவர் நிறுத்தல. டேங்க் வழிஞ்சு படிக்கட்டெல்லாம் தண்ணி. மோட்டார் போட்டா நிறுத்த மறக்கறது உலகத்துல நடக்காததா? நான் அடுப்புல பாலை வச்சு மறக்கறதில்லையா? அப்புறம், சாக்கடை லாரிக்கு ஒரே வாரத்துல ரெண்டு தடவை சொல்லிட்டாரு. மழைக்காலம் வருதே, முன்னெச்சரிக்கையா இருக்கட்டும்னு சொல்லியிருக்காரு. அதுக்குப் பொருளாளர் மூஞ்சியைத் தூக்கிட்டுப் போனாரு. அப்புறம் ரெண்டாவது மாடி வீட்டுக் கதவுல நம்ம சாவியைப் போட்டுத் திருகிட்டு நின்னாராம். எல்லாக் கதவுக்கும் ஒரே மரக்கலர் அடிச்சா யாருக்குத்தான் தெரியும்? ஆளுக்கொரு கலர் அடிங்கன்னு நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டா?

லிஃப்ட் விஷயம்தான் கொஞ்சம் பெருசாப் போச்சு. யாரும் இல்லன்னு நெனச்சு மெயினை அணைச்சிட்டாரு. உள்ள அருமைநாயகம் சார் இருந்திருக்காரு. அவரு தட்டத் தட்ட இவரு அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டே நின்னிருக்காரு, என்ன சத்தம்னு புரியாத மாதிரி. நஸ்ரின் ஓடி வந்துதான் போட்டா. வெளிய வந்த மனுஷன் வேர்த்து ஊத்திப் போயிருந்தாரு. திட்டுவாருன்னு பாத்தேன். திட்டல. இவர் கையைப் பிடிச்சிட்டு, "என்னங்க தயாபரன்"னு மட்டும் கேட்டாரு. அன்னிக்கே மனசுல ஏதோ கறுவி வச்சிட்டாருன்னு எனக்குத் தோணிச்சு. திட்டாம விட்டா அதுக்கு வேற என்ன அர்த்தம்?

கரண்ட்டைச் சிக்கனமா வச்சுக்கணும்னு அணைச்சிருக்காரு. வாரியத்துல வேலை பாத்த கை. அது ஒரு குத்தமா?

அடுத்த மீட்டிங்ல நஸ்ரின் எழுந்து நின்னா. "அங்கிள் ஒருத்தரே இத்தனை வருஷமா எல்லாத்தையும் சுமந்திருக்காரு, நாம எல்லாரும் சும்மா இருந்திருக்கோம், நமக்குத்தான் வெக்கம். இனிமே ஆளுக்கொரு வேலையாப் பிரிச்சுக்கலாம்"னா. எவ்வளவு அழகாச் சொல்றா பாரு! கத்தியில வெண்ணெய் தடவற மாதிரி. உடனே அருமைநாயகம் சார், "நல்ல யோசனை, நல்ல யோசனை"ங்கறாரு. போனைக் குனிஞ்சு பாத்தவங்கெல்லாம் அன்னிக்கு நிமிர்ந்து உக்காந்து கையைத் தூக்கறாங்க. தண்ணியும் மோட்டாரும் நஸ்ரினுக்கு, செக்ரட்டரி பேரும் அவளுக்கே. லிஃப்ட் ஒருத்தருக்கு. குப்பை ஒருத்தருக்கு. சாக்கடை ஒருத்தருக்கு. வண்டி நிறுத்தற தகராறு அருமைநாயகம் சாருக்கு. மொட்டை மாடிச் சாவிக்குக்கூட ஒரு ஆள்! இவருக்கு ஆலோசகர்னு ஒரு பேரு. ஒரு மனுஷன் தனியாப் பாத்த வேலைக்கு எத்தனை பேரு வேண்டியிருந்துது பாத்தியா? அதையாவது யோசிச்சாங்களா?

இவரு என்ன பண்ணினாரு தெரியுமா? கை தட்டினாரு. எல்லாரையும் விடப் பலமா. "பொறுப்பானவங்க கையில போகட்டும், நல்லது, நல்லது"ன்னாரு. குத்திக் காட்டறதுல அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் மட்டும்தான் புரிஞ்சுக்கிட்டேன். நஸ்ரினுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. உறுத்தியிருக்கும்.

வா, பால்கனியைப் பாரு. இங்கேர்ந்து கீழ எல்லாம் தெரியும். அதோ, வேப்பமரத்துக்கிட்ட, வெள்ளைச் சட்டை. அவர்தான். எப்படி நிமிர்ந்து நடக்கறாரு பாரு, எழுபத்திரண்டுன்னு யாராவது சொல்வாங்களா? ஆளை மேலயும் கீழயும் பாத்தா உடம்புல ஒரு குறை சொல்ல முடியாது. பின்னாடி போன் பேசற மாதிரி நடந்து வர்றாளே பச்சை சுடிதாரு, அவதான் நஸ்ரின். போன் பேசல அவ. சும்மா காதுல வச்சிருக்கா. எனக்குத் தெரியும். வா, உள்ள வந்துடு, அவ நிமிர்ந்து பாத்துடப் போறா.

அந்த மீட்டிங்குக்கு அப்புறமும் இவரு காலையிலயும் சாயங்காலமும் மோட்டார் ரூமுக்குப் போய்ட்டுத்தான் இருந்தாரு. ஸ்விட்சைப் போடுவாரு, சிவப்பு லைட்டு எரியும், சுவத்துல சாஞ்சு நின்னுட்டே இருப்பாரு, அப்புறம் அணைச்சிட்டு வருவாரு. எனக்குப் பெருமையா இருந்துது. பாருங்கடா, பிரிச்சீங்களே, கடைசியில மோட்டாருக்கு என் புருஷன்தானே வேண்டியிருக்குன்னு நெனச்சேன். நிறுத்த மறந்தாலும் டேங்க் வழியல. வேலை சரியாயிடுச்சு, மனுஷன் கொஞ்சநாள் களைச்சுப் போயிருந்தாரு, அவ்வளவுதான்னு பையன்கிட்டக்கூடப் போன்ல சொன்னேன். அவன்தான் எப்பப் பாத்தாலும் டாக்டர், டாக்டர்ங்கறான். டாக்டர்கிட்டப் போனா ஏதாவது ஒரு பேரை வச்சு அனுப்புவாங்க. அந்தப் பேரு வீட்டுக்குள்ள வந்துட்டா அப்புறம் போகுமா?

அப்புறம் ஒருநாள் நம்ம ஃபேன் ஓடலன்னு எலக்ட்ரீஷியன் வந்தான். இவர் கீழ இருந்தாரு. பேச்சுக்குப் பேச்சா, "மோட்டாரெல்லாம் சார்தான் இன்னும் பாத்துக்கறாரு"ன்னேன். அவன் ஏணியில நின்னபடியே சிரிக்கிறான். "அம்மா, மோட்டார் ஆட்டோமேட்டிக் ஆகி எத்தனை மாசம் ஆச்சு! தண்ணி குறைஞ்சா தானா ஓடும், நிறைஞ்சா தானா நிக்கும். சார் போடற ஸ்விட்சுக்கும் மோட்டாருக்கும் சம்பந்தமே இல்ல. பழைய ஸ்விட்சைக் கழட்டிடறேன்னு சொன்னேன், நஸ்ரின் மேடம்தான் கழட்டக் கூடாது, லைட்டு மட்டும் எரியற மாதிரி வச்சுக் குடுங்கன்னாங்க"ங்கறான்.

எப்படி இருக்கும் எனக்கு? சொல்லு. ஊருக்கே கரண்ட் குடுத்த மனுஷனை, கொழந்தைக்கு விளையாட்டுச் சாமான் குடுக்கற மாதிரி ஒரு பொய் ஸ்விட்சைக் குடுத்து நிக்க வச்சிருக்காங்க! அவர் அங்க நின்னு லைட்டைப் பாத்துட்டு இருக்காரு. டேங்க்ல தண்ணி விழற சத்தத்துக்குக் காது குடுத்துட்டு நிக்கறாரு.

எலக்ட்ரீஷியன் போனதும் நஸ்ரினை ஒரு பிடி பிடிக்கணும்னு படியிறங்கினேன். ரெண்டாவது மாடிக்குப் புதுசா ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு குடிவந்திருந்தா. ஆஸ்பத்திரியில நர்ஸு. அவ எதிர்ல வந்தா. வந்தவ சும்மா போகக் கூடாதா? "ஆன்ட்டி, நல்ல வேளை உங்களைப் பாத்தேன். இன்னிக்கு சாயங்காலம் சாரைப் பாத்துக்கறது என் முறை. எனக்கு டியூட்டி முடிய லேட்டாகும் போலிருக்கு. அருமைநாயகம் சாரை மாத்திக்கச் சொல்லி நஸ்ரின்கிட்டச் சொல்லிடறீங்களா?"ங்கறா.

எனக்கு ஒண்ணும் புரியல. என்ன முறைன்னு கேட்டேன். அவளுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் ஆன்ட்டி"ன்னா. அப்புறம் பிச்சுப் பிச்சு ஒவ்வொண்ணாச் சொன்னா. காலையில நஸ்ரின். பத்து மணிக்கு மேல அருமைநாயகம் சார், வாக்கிங் போற மாதிரி. மத்தியானம் வாசல்ல நிக்கற வாட்ச்மேன். சாயங்காலம் ஆளுக்கொரு நாள். அவரு தெருமுனையைத் தாண்டிட்டா ஒருத்தர் எதிர்ல போய், "என்ன சார், இந்தப் பக்கம்? வாங்க, நானும் வீட்டுக்குத்தான் போறேன்"னு கூட்டிட்டு வரணுமாம். இஸ்திரி போடறவருக்கும் பழக்கடைக்காரருக்கும்கூடச் சொல்லி வச்சிருக்காங்களாம். அந்த மீட்டிங் முடிஞ்சு நான் கீழ வந்த பிறகு, மத்தவங்கெல்லாம் மேலயே நின்னு இதையும் பிரிச்சிருக்காங்க.

நஸ்ரின் வீட்டுக் கதவை நான் தட்டல, இடிச்சேன். அவ தொறந்ததும் கேட்டேன். "தண்ணி, லிஃப்ட், குப்பை, சாக்கடை, அதுக்கப்புறம் என் புருஷனா? குப்பைக்கு முன்னாடியா பின்னாடியா? உங்களையெல்லாம் யாரு கேட்டா? நான் செத்தா போய்ட்டேன்? அவருக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி குத்துக்கல்லா மேல உக்காந்திருக்கேன்ல?"ன்னு வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். மாடி முழுக்கக் கதவு தொறந்துடுச்சு. அருமைநாயகம் சார் மூச்சிரைக்க மேல ஏறி வந்து, "அம்மா, அம்மா"ங்கறாரு. அவரையும் விடல.

அந்தப் பொண்ணு அழுதா. "உங்ககிட்டச் சொல்ல எத்தனை தடவை வந்தேன் ஆன்ட்டி. வாயெடுத்தாலே நீங்க வேற பேச்சுக்குப் போய்டறீங்க. ஒருதடவை கதவையே சாத்திட்டீங்க. என்ன பண்றதுன்னு தெரியல, நாங்களா ஏதோ பண்ணினோம்"னா.

அவ வந்தது உண்மைதான். நான் என்ன பேச்சுன்னு தெரியாமலா மாத்தினேன்?

அன்னிக்கே பையனுக்குப் போன் போட்டு, "வரோம்டா"ன்னுட்டேன். வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்னு புரோக்கருக்கும் சொல்லியாச்சு. அது தெரிஞ்சதும் நஸ்ரின் மறுபடி வந்தா. கதவு பாதி தொறந்திருந்துது, நான் உள்ள கூப்பிடல. வெளிய நின்னபடியே சொல்றா. "என் மேல எவ்வளவு கோவம் வேணும்னாலும் படுங்க ஆன்ட்டி. அங்கிளை மட்டும் இங்கேர்ந்து கூட்டிட்டுப் போகாதீங்க. இங்க நாலு தெருவுக்கும் அவரைத் தெரியும். எங்க நின்னாலும் ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுவாங்க. புனேயில இருபதாவது மாடியில அவரை யாருக்குத் தெரியும்? லிஃப்ட்ல கீழ போய்ட்டா எந்தப் பேரைச் சொல்லி யாரைக் கேப்பாரு?" கேட்டியா பேச்சை? பயமுறுத்தறா. எங்க வீட்டு விஷயத்துல இவளுக்கென்ன? நான் கதவைச் சாத்தினேன்.

அவ நெனக்கிற மாதிரியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. வயசானா மறதி வராதா? ஆளு முழுசாத்தான் இருக்காரு. கிண்டல் கேலிகூடக் குறையல. ரொம்பக் கிண்டல் பிடிச்ச மனுஷன். கல்யாணமான புதுசுல என் அப்பா மாதிரியே இருமிக் காட்டி என்னைப் பயமுறுத்துவாரு. முந்தாநாள்கூட ஒரு கூத்து அடிச்சாரு, சொன்னா நீயே சிரிப்பே.

சாயங்காலம் பெல் அடிச்சுது. கதவைத் தொறந்தா இவரு நிக்கறாரு. செருப்பைக் கழட்டி ஓரமா ஜோடி சேத்து வச்சிருக்காரு. தன் வீட்டுக்கு வரும்போது ஒண்ணு வாசல்லயும் ஒண்ணு ஹால்லயும் கிடக்கும். அன்னிக்கு ஜோடியா. கையைக் கூப்பி, "செக்ரட்டரி சார் இருக்காருங்களாம்மா?"ங்கறாரு.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சரி, ஆரம்பிச்சிட்டாரு, நாமளும் ஆடுவோம்னு, "இல்லீங்களே, வெளிய போயிருக்காரு. உள்ள வந்து உக்காருங்க"ன்னேன். வந்தாரு. இதோ இந்த சோபாலதான், நுனியில, அடுத்தவங்க வீட்டுல உக்காருவோமே அந்த மாதிரி. முட்டிமேல ரெண்டு கையையும் வச்சிட்டு. சுவத்துல எங்க கல்யாண போட்டோ இருக்கு பாரு, அதை ஒரு தடவை பாத்துட்டுக் கண்ணை எடுத்துட்டாரு. மத்தவங்க வீட்டுப் போட்டோவை உத்துப் பாக்கக் கூடாதில்ல? தண்ணி கொண்டுவந்து குடுத்தேன். "ரொம்ப நன்றிங்க"ன்னு அண்ணாந்து குடிச்சாரு. வாய் வைக்காம. நான் இன்னும் சிரிச்சிட்டுத்தான் இருந்தேன்.

"ஏதாவது சொல்லணுங்களா?"ன்னு கேட்டேன்.

"ஆமாங்க. லிஃப்ட் நின்னு போச்சு. அதைக் கொஞ்சம் பாக்கச் சொல்லணும்"னாரு. "எனக்கில்லைங்க, நான் ஏறிடுவேன். வீட்டுல என் சம்சாரத்துக்கு முட்டி வலி. படியிறங்க முடியாது. மேல தனியா மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா."

எனக்கு முட்டி வலிதான். வாஸ்தவம்தான்.

"பக்கத்துல யார்கிட்டயாவது ஒரு ஒத்தாசை கேக்கலாமில்லீங்களா?"ன்னு கேட்டேன். எதுக்குக் கேட்டேன்னு தெரியல. விளையாட்டுக்குத்தான் கேட்டேன்.

அவரு தலையை ஆட்டினாரு. "அவ கேக்கவே மாட்டா. ரொம்ப நல்லவ, ஆனா யார்கிட்டயும் வாய் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டா. பசிச்சாக்கூடச் சொல்ல மாட்டா. அவ கேப்பான்னு இருந்தா ஆகாது. நாமளாத்தான் போய்ப் பாக்கணும். அதனாலதான் செக்ரட்டரிகிட்டச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அவரு நல்ல மனுஷன்னு எல்லாரும் சொல்றாங்க."

உறை ஊத்த ஒரு கரண்டி மோர் வேணும்னு நான் இந்தக் கட்டடத்துல ஒரு கதவைத் தட்டினதில்லம்மா. பையன் பொறந்தப்போ பச்சை உடம்போட நானே தண்ணி தூக்கினேன், எங்க அம்மாவுக்குக்கூடச் சொல்லி அனுப்பல. அதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கு. என் மூஞ்சிதான்...

எந்திரிச்சாரு. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "அவரு வந்ததும் சொல்லிடறீங்களா? மறந்துடமாட்டாரே?"ன்னாரு.

"மறக்க மாட்டாருங்க. எதையும் மறக்கற ஆள் இல்ல அவரு"ன்னேன். "வந்ததும் சொல்றேன்."

போய்ட்டாரு. நான் கதவைப் பிடிச்சிட்டே நின்னேன். லிஃப்ட் முன்னாடி போய் நின்னாரு. அது நல்லாத்தான் ஓடிட்டு இருந்துது. கதவு தொறந்துது, உள்ளேர்ந்து ஜெசிந்தா வந்தா, அவ முறை போலிருக்கு. என்னையும் பாத்தா, அவரையும் பாத்தா. "வாங்க சார், வீட்டுக்குப் போலாம்"னு அவர் கையைப் பிடிச்சு, நாலு எட்டு நடந்து, என்கிட்டக் கொண்டுவந்து விட்டா. உள்ள வந்தாரு. செருப்பை ஹால்ல உதறினாரு. "கோகிலம், சாப்பிட்டியா?"ன்னாரு.

கிண்டல்தானேம்மா அது? சொல்லு. ஆஸ்பத்திரி, டாக்டர்னு பேசாத ஒருத்தர் சொன்னா நல்லா இருக்கும், அதான் உன்னைக் கேக்கறேன். நீ என்ன, கண்ணைத் தொடைக்கிறே. நான்தான் சிரிப்பான விஷயம்னு சொன்னேனே.

புரோக்கர் படியேறி வர்ற சத்தம் கேக்குது. எப்ப சாவி கிடைக்கும்னு கேப்பான். அடுத்த மாசம்னு அவன்கிட்டச் சொல்லியிருந்தேன். இப்ப என்ன சொல்றதுன்னு தெரியலம்மா. நீ வேற வீடும் ஒண்ணு பாத்து வச்சுக்கோ, என்னை நம்பி இருக்காத.

ரெண்டு நாளா மூணாவது மாடி வரைக்கும் இறங்கறேன். அந்தப் பொண்ணு கதவுகிட்ட நிக்கறேன், கையைத் தூக்கறேன், திரும்பி வந்துடறேன். போய் என்னன்னு கேக்கறது? என் புருஷனைப் பாத்துக்கற வேலையைப் பிரிச்சீங்களே, அதுல எனக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கன்னா? எப்படிக் கேக்கறதும்மா? நீயெல்லாம் எப்படிக் கேப்பே? எனக்கு யார்கிட்டயும் எதையும் கேட்டுப் பழக்கமே இல்லையே.